பேரலும் பம்பும்: திரவத்தோடு சேர்ந்து இடம் மாறுபவை

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், யானைமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஒத்தக்கடை, 1965-இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரியாலும் 2004 முதல் இயங்கிவரும் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையாலும் வெளியூராருக்கு அறிமுகமான ஊராகும். வயலும் பட்டறையும் கல்குவாரியும் ரப்பர் தொழிலும் அருகருகே அமைந்த இந்தச் சாலையோர வட்டாரத்தில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல தொழில்களுக்கும் பொதுவாக இருக்கும் கலம் 200 லிட்டர் பேரல். மண் அள்ளும் இயந்திரத்துக்கும் ஆயில் என்ஜினுக்கும் வேண்டிய டீசல், மெக்கானிக் பட்டறைக்கு வரும் என்ஜின் ஆயில், பாத்திரங்களையும் உலோகங்களையும் சுத்தம் செய்யும் அமிலம், மருத்துவமனைகளும் விடுதிகளும் வாங்கும் கிருமிநாசினி, இயற்கை வேளாண்மை செய்வோர் கரைத்து வைக்கும் ஜீவாமிர்தம் ஆகிய எல்லாமே இந்த ஒரே அளவுள்ள கலத்தில்தான் வருகின்றன அல்லது வைக்கப்படுகின்றன.

பேரலில் உள்ளதைச் சிறிய கேனுக்கோ இயந்திரத்தின் தொட்டிக்கோ மாற்றும் கருவிதான் பேரல் பம்ப். நியாய விலைக் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றியதைக் கண்டவர்களுக்கு, பேரலின் வாயில் நட்டுவைத்த கைப்பம்பு புதியதன்று. ஆனால் பார்வைக்கு மிக எளிமையான இந்தக் கருவி செய்யும் வேலை, திரவத்தை மட்டும் இடம் மாற்றுவதோடு முடிவதில்லை. 20 லிட்டர் கேன் ஒன்று நிரம்பும்போது, 20 லிட்டர் வெளிக்காற்று பேரலுக்குள் நுழைய வேண்டும். அதே அளவு ஆவி கலந்த காற்று கேனின் வாய் வழியாக வெளியேற வேண்டும். திரவம் குழாயின் சுவரை உரசிச் செல்லும்போது மின்னூட்டமும் அதோடு பயணம் செய்கிறது. காற்று, ஆவி, மின்னூட்டம் ஆகிய மூன்றும் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால் அவை கணக்கில் வராமல் போகின்றன. பேரல் பம்பைப் பற்றிய பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் கணக்கில் கொண்டுவருவதற்காகவே எழுந்தவை.

பேரலின் வடிவமும் எடையும்

கச்சா எண்ணெயின் விலையைக் குறிக்கும்போது சொல்லப்படும் பேரல் 42 அமெரிக்க காலன், அதாவது ஏறத்தாழ 159 லிட்டர் கொண்ட வணிக அளவு மட்டுமே. பட்டறைகளில் காணப்படும் இரும்புப் பேரல் 55 காலன், அதாவது 208 லிட்டர் கொள்ளளவுடையது. 1889-90-இல் கொழும்பு வழியாக 72 நாட்களில் உலகைச் சுற்றிவந்து புகழ்பெற்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை, தம் கணவரின் மறைவுக்குப் பின் நடத்திய அயர்ன் கிளாட் நிறுவனத்தில் பணியாற்றிய ஹென்றி வேர்ஹான், இன்றைய இரும்புப் பேரலுக்கு முன்னோடியான வடிவத்துக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். மரப் பீப்பாய்கள் ஒழுகின. இரும்பாலான கலம் ஒழுகாமல் இருந்ததோடு, உருட்டிச் செல்லவும் ஏற்றதாக இருந்தது.

இப்பேரலின் மேல்மூடியில் இரண்டு துளைகள் உண்டு. ஒன்று 2 அங்குலம், மற்றொன்று முக்கால் அங்குலம். பெரிய துளையில் பம்ப் பொருந்துகிறது. சிறிய துளை காற்றுக்கானது. பேரலைச் சாய்த்து ஊற்றிவிடலாமே என்ற எண்ணம் எளிதில் எழக்கூடியது. அதன் எடைதான் அதற்கு விடை. ஒரு லிட்டர் டீசல் சுமார் 0.83 கிலோ இருப்பதால், 200 லிட்டர் டீசல் 166 கிலோவும், அதைத் தாங்கும் இரும்புக் கலம் ஏறக்குறைய 20 கிலோவும் ஆகும். தண்ணீரைப் போல் 1.84 மடங்கு அடர்த்தியுள்ள அடர் கந்தக அமிலமாக இருந்தால், அதே கொள்ளளவு 368 கிலோவை எட்டும். இவ்வளவு எடையைச் சாய்க்கும்போது கை நழுவினால் காலும் முதுகும் மட்டுமன்றி, தெறிக்கும் திரவத்தால் கண்ணும் பாதிக்கப்படும். பேரலை நிமிர்ந்த நிலையிலேயே விட்டுவைத்துத் திரவத்தை மட்டும் மேலே கொண்டுவருவதே பம்பின் முதல் பாதுகாப்புப் பணி.

உறிஞ்சுவதா, தள்ளுவதா

பம்ப் திரவத்தை உறிஞ்சி மேலே இழுக்கிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் பம்ப் செய்வது, தன் உள்ளே உள்ள அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. திரவத்தை மேலே ஏற்றுவது, பேரலில் உள்ள திரவத்தின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம். கிணற்றுப் பம்புகள் எவ்வளவு முயன்றாலும் தண்ணீரை ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் இழுக்க முடியாததற்குக் காரணம் இதுவே என்பதை, 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி பாதரசச் சோதனையால் விளக்கினார். பேரலின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் இந்த எல்லை பொதுவாகத் தடையாவதில்லை. ஆயினும் எளிதில் ஆவியாகும் பெட்ரோல் போன்ற திரவத்தை, வெயிலில் சூடேறிய நீண்ட குழாய் வழியாக இழுக்கும்போது, அழுத்தம் குறைந்த இடத்தில் திரவம் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவிக் குமிழ்களாக மாறும். கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்க, திரவம் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கையால் இயக்கும் பம்புகளில் இரண்டு வகைகள் பரவலானவை. நெம்புகோலை மேலும் கீழும் அசைத்து உள்ளே உள்ள பிஸ்டனை நகர்த்துவது ஒன்று. கைப்பிடியைச் சுற்றும்போது, மையத்திலிருந்து சற்று விலகிச் சுழலும் உருளையில் செருகிய தகடுகள் திரவத்தைத் தள்ளிக்கொண்டு போவது மற்றொன்று. சுழலும் தகட்டுப் பம்பின் மூலவடிவம், இத்தாலியப் பொறியாளர் அகோஸ்டினோ ராமெல்லி 1588-இல் வெளியிட்ட இயந்திர நூலிலேயே இடம்பெற்றுள்ளது. இவ்விரு வகைகளும் ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு திரவத்தைக் கட்டாயமாக வெளியே தள்ளுபவை. ஆகவே இவற்றை மோட்டாரோடு இணைத்து ஓட்டும்போது, வெளியேறும் குழாயின் வால்வை மூடினால் தள்ளப்பட்ட திரவத்துக்குப் போக்கிடமின்றி அழுத்தம் ஏறிக்கொண்டே போய், குழாய் வெடிக்கவோ இணைப்பு கழன்று திரவம் பீறிடவோ கூடும். மோட்டாரால் ஓடும் இத்தகைய பம்புகளில், அழுத்தம் மிகும்போது திரவத்தை உள்ளுக்கே திருப்பிவிடும் வால்வு இருக்க வேண்டியது அதனால்தான்.

மின் மோட்டாரால் ஓடும் பேரல் பம்ப் வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. மோட்டார் மேலே இருக்க, அதிலிருந்து இறங்கும் நீண்ட தண்டு ஒரு குழாயினுள்ளே பேரலின் அடிவரை சென்று, அங்கே மூழ்கியிருக்கும் இம்பெல்லர் எனும் இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. திரவத்தின் அடியில் இருந்துகொண்டு அதை மேலே தள்ளுவதால், உறிஞ்சும் வகைப் பம்புகளுக்குரிய ஆவிக் குமிழ்ச் சிக்கல் இதில் மிகக் குறைவு. ஆனால் நிமிடத்துக்கு 80 முதல் 100 லிட்டர் வரை வெளியேற்றும் வேகம், கைப்பம்பில் இல்லாத வேறு ஆபத்துகளைக் கொண்டுவருகிறது.

எல்லா வகைகளுக்கும் பொதுவான இயல்பு ஒன்றும் உண்டு. வெளியேறும் குழாயின் முனை, பேரலில் உள்ள திரவமட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால், பம்பை நிறுத்திய பின்னும் திரவம் தானாக ஓடிக்கொண்டிருக்கலாம். முதலில் குழாய் நிரம்பிவிட்டால், இரு மட்டங்களுக்கும் இடையிலான உயர வேறுபாடே ஓட்டத்தைத் தொடரச் செய்யும். கைப்பிடியை விட்டுவிட்டு நகர்ந்தவரின் பின்னால் கேன் நிரம்பி வழிவது இப்படித்தான். குழாயின் முனையில் மூடக்கூடிய வால்வு இருப்பதும், நிறுத்தியவுடன் முனையை மேலே உயர்த்துவதும் இதற்கான எளிய காப்புகள்.

இதே தத்துவத்தை வாயால் தொடங்கிவைப்பதுதான் மிக ஆபத்தான பழக்கம். ரப்பர் டியூபின் ஒரு முனையை டீசலில் விட்டு மறுமுனையை வாயால் உறிஞ்சும்போது, மெல்லிய எண்ணெய் ஒன்றிரண்டு துளிகளாக வாயைத் தாண்டி மூச்சுக்குழலுக்குள் நுழைந்தாலே போதும். நுரையீரலின் உட்பரப்பில் பரவி, இரசாயன நிமோனியா எனப்படும் கடுமையான அழற்சியை ஏற்படுத்தும். பெட்ரோலிய எண்ணெய்களை விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதும் இதனாலேயே: வயிற்றில் இருக்கும்போது செய்யும் கேட்டைவிட, வாந்தியின்போது நுரையீரலுக்குள் போகும்போது அது செய்யும் கேடு பெரிது. இருமலோ மூச்சுத்திணறலோ தொடங்குமுன்பே 108 ஆம்புலன்ஸை அழைப்பது முறை.

காற்றுக்கு வழி விடுதல்

பேரலிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு லிட்டர் திரவத்தின் இடத்தையும் காற்று நிரப்பியாக வேண்டும். சிறிய துளையின் மூடியைத் திறக்காமல் வேகமான பம்பை ஓட்டினால், உள்ளே அழுத்தம் குறைந்து, வெளியே உள்ள வளிமண்டலம் பேரலின் சுவரை உள்ளே தள்ளத் தொடங்கும். உள்ளிருந்து வரும் அழுத்தத்தை ஓரளவு தாங்கும் உருளை வடிவம், வெளியிலிருந்து வரும் அழுத்தத்தில் எளிதாக நசுங்கிவிடுகிறது. நசுங்கும் பேரல் பம்பைச் சாய்த்து, இணைப்பை விரிசலாக்கி, திரவத்தைச் சிந்த வைக்கும்.

இதற்கு நேர்மாறான தவறு, கம்ப்ரசர் காற்றைப் பேரலுக்குள் செலுத்தித் திரவத்தை வெளியே தள்ள முயல்வது. பேரலின் மூடியின் விட்டம் ஏறக்குறைய 57 செ.மீ, பரப்பளவு சுமார் 0.255 சதுர மீட்டர். உள்ளே ஒரே ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடினாலும், அந்த மூடியின்மேல் செயல்படும் விசை ஏறத்தாழ 2.6 டன் எடைக்குச் சமம். வண்டிச் சக்கரங்களுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரில் இருப்பதோ அதைப்போல் 7 மடங்கு அழுத்தம். மடித்து இறுக்கிய விளிம்பால் மட்டுமே சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கும் மூடி, அந்த விசையில் வெடித்துப் பறக்கும். பேரல் என்பது திரவத்தைத் தாங்குவதற்கான கலமேயன்றி, அழுத்தக்கலம் அன்று.

கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் மதுரை வெயில் இதே பாடத்தை வேறொரு வகையில் நடத்துகிறது. வெட்டவெளியில் நிற்கும் பேரல் பகலில் சூடாகி உள்ளழுத்தம் ஏறுகிறது. அதன் மூடியை ஒரேயடியாகக் கழற்றினால் ஆவி முகத்தில் பீறிடும். முதலில் சற்றே தளர்த்தி, சீற்றம் அடங்கிய பின்னரே முழுவதும் திறக்க வேண்டும். இரவில் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, மூடியின்மேல் தேங்கிய மழைநீரையோ பனிநீரையோ திருகுமூடியின் இடுக்கு வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். டீசலில் தண்ணீர் கலந்திருப்பதாக எழும் புகார்களில் ஒரு பகுதிக்குக் காரணம் பேரல் வைக்கப்பட்ட விதமே. நிழலிலோ கூரையின் கீழோ வைப்பதும், வெளியில் வைக்க நேர்ந்தால் இரு துளைகளும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் வருமாறு படுக்கவைப்பதும் இதற்குத் தீர்வு.

ஆவியும் தீயும்

எரிவது திரவமன்று, அதன் ஆவி. திரவத்தின் மேற்பரப்பில் எழும் ஆவி, காற்றோடு கலந்து, நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலை, அத்திரவத்தின் தீப்பற்றுநிலை எனப்படும். பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி. ரப்பர், பெயின்ட் தொழில்களில் பயன்படும் டொலுயீனுக்கு 4 டிகிரி. மெத்தனாலுக்கு 11 டிகிரி. இந்தியத் தர நிர்ணயத்தின்படி மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் அது 35 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

இந்த 35 என்ற எண் ஒத்தக்கடை போன்ற ஊருக்குத் தனிப்பொருள் உடையது. டீசல் எளிதில் பற்றாது என்ற நம்பிக்கை, குளிர்நாட்டுக்கும் மார்கழி மாதத்துக்கும் பொருந்தலாம். சித்திரை வெயிலில் நிற்கும் இரும்புப் பேரலின் மேற்புறம், தர நிர்ணயம் அனுமதிக்கும் அந்தக் கீழெல்லையை நண்பகலுக்கு முன்பே கடந்துவிடும். டீசலோ மண்ணெண்ணெயோ மாற்றும் வேலையை அதிகாலையிலோ நிழலிலோ செய்வது, வசதிக்கான ஏற்பாடு மட்டுமன்று, தீத்தடுப்பு நடவடிக்கையும் ஆகும்.

ஆவி காற்றோடு எந்த விகிதத்தில் கலந்தாலும் எரிந்துவிடும் என்பதில்லை. பெட்ரோல் ஆவி காற்றில் கொள்ளளவு அடிப்படையில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருக்கும்போது மட்டுமே தீப்பற்றும். மூடிய பெட்ரோல் பேரலின் வெற்றிடத்தில் ஆவி இந்த மேல் எல்லையை மிஞ்சிச் செறிந்திருப்பதால், உள்ளே தீப்பற்றும் வாய்ப்பு குறைவு; ஆனால் பம்ப் இயங்கி வெளிக்காற்று உள்ளே நுழைய நுழைய, கலவை ஆபத்தான விகிதத்தை நோக்கி நகரலாம். மெத்தனாலின் நிலை இதைவிடக் கடினமானது. அதன் தீப்பற்றும் எல்லை 6 முதல் 36 விழுக்காடு வரை அகன்றிருப்பதால், நம் ஊர் வெப்பநிலையில் மெத்தனால் பேரலின் வெற்றிடம் பெரும்பாலும் தீப்பற்றக்கூடிய கலவையால் நிரம்பியிருக்கும். போதாக்குறைக்கு அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரிவதில்லை.

கேனிலிருந்து வெளியேறும் ஆவி காற்றைவிடக் கனமானது. பெட்ரோல் ஆவி காற்றைப்போல் 3 முதல் 4 மடங்கு கனமாக இருப்பதால் மேலே கலைந்து போகாமல், தரையோடு தவழ்ந்து, பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கி, சில மீட்டர் தொலைவில் உள்ள அடுப்பையோ வெல்டிங் பொறியையோ தேடிச் சென்று சேரும். பேரலின் அருகே நெருப்பு இல்லை என்று சொல்வது போதாது. ஆவி சென்றடையக்கூடிய தாழ்வான இடங்களிலும் நெருப்பு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். எரியும் திரவங்களுக்குச் சாதாரண மின்பம்பைப் பயன்படுத்தக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். மோட்டாரின் உள்ளே எழும் பொறி வெளியே தீயை மூட்டாதபடி வடிவமைத்துச் சான்றளிக்கப்பட்ட மோட்டார்கள் உண்டு. அவற்றைக்கூட நிறுத்திய நிலையில்தான் பேரலுக்குள் இறக்கவும் வெளியே எடுக்கவும் வேண்டும்.

இந்தியச் சட்டமும் தீப்பற்றுநிலையை வைத்தே பெட்ரோலியப் பொருட்களை வகைப்படுத்துகிறது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தின்படி 23 டிகிரிக்குக் கீழே தீப்பற்றுநிலை உள்ளவை ஏ வகுப்பு, 23 முதல் 65 டிகிரிக்குள் உள்ளவை பி வகுப்பு, 65 முதல் 93 டிகிரிக்குள் உள்ளவை சி வகுப்பு. பி வகுப்பைச் சேர்ந்த டீசலை ஓரிடத்தில் 2,500 லிட்டர் வரை, எந்த ஒரு கலமும் 1,000 லிட்டரைத் தாண்டாதபோது, உரிமம் இன்றி வைத்துக்கொள்ளலாம்; ஏ வகுப்பைச் சேர்ந்த பெட்ரோலையோ, விற்பனைக்கு அல்லாதபோதும், 30 லிட்டருக்கு மேல் உரிமமின்றி வைக்க இயலாது. அதாவது பேரல் டீசலைப் பட்டறையில் வைக்க இடம் தரும் சட்டம், பேரல் பெட்ரோலுக்கு இடம் தருவதில்லை. இந்த வேறுபாடு முழுவதும் ஆவியின் இயல்பிலிருந்தே பிறந்தது.

உரசலில் பிறக்கும் மின்சாரம்

திரவம் குழாயின் வழியே பாயும்போது, அதன் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் நேர், எதிர் மின்னூட்டங்கள் பிரிந்து, ஒன்று சுவரிலும் மற்றொன்று திரவத்திலும் சேர்கின்றன. தண்ணீர் போன்ற மின்கடத்தும் திரவத்தில் இந்த மின்னூட்டம் உடனே சிதறிவிடும். டீசல், பெட்ரோல், டொலுயீன் போன்றவை மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்துவதால், கேனுக்குள் விழுந்த பின்னும் சிறிது நேரம் அது அவற்றிலேயே தங்கியிருக்கும். ஓட்டத்தின் வேகம் கூடக் கூட மின்னூட்டம் விரைவாக ஏறுகிறது. வடிகட்டியின் வழியே செல்லும்போதும், உயரத்திலிருந்து தெறித்து விழும்போதும் இன்னும் மிகுகிறது.

பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கத் தேவையான மின்பொறியின் ஆற்றல் ஏறக்குறைய 0.2 முதல் 0.3 மில்லிஜூல் மட்டுமே. வறண்ட நாளில் செயற்கையிழை உடை அணிந்து நடந்த ஒருவரின் உடலில் 10,000 வோல்ட் வரை மின்னூட்டம் சேரக்கூடும். மனித உடலின் மின்தேக்குத்திறனை 150 பிக்கோஃபாரட் என்று கொண்டால், அதில் தேங்கும் ஆற்றல் 7.5 மில்லிஜூல், அதாவது தேவையானதைப்போல் 25 மடங்குக்கும் மேல். விரல் நுனியில் சுருக்கென்று உணரப்படும் சிறு பொறியே தீயை மூட்டப் போதுமானது என்பதே இக்கணக்கின் பொருள்.

எனவே எரியும் திரவத்தை மாற்றும்போது, இரண்டு உலோகக் கலங்களையும் ஒரு கம்பியால் இணைப்பதும், பேரலை எர்த் கம்பியோடு சேர்ப்பதும் கட்டாயம். இணைப்பதன் நோக்கம் இரண்டு கலங்களையும் ஒரே மின்னழுத்தத்தில் வைப்பது. எர்த் செய்வதன் நோக்கம் சேர்ந்த மின்னூட்டத்தைத் தரைக்கு அனுப்புவது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டியதில்லை என்பதில்லை. கம்பியின் கவ்வி பெயின்டின்மேல் உட்கார்ந்தால் இரண்டுமே பயனற்றவை. ஆகவே அந்த இடத்தில் வெற்று இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். கம்பியை மூடியைத் திறக்குமுன் மாட்டி, மூடிய பின்னரே கழற்ற வேண்டும்.

வேகத்துக்கும் ஓர் அளவு உண்டு. நிரப்பும் குழாயின் முனை திரவத்தில் மூழ்கும்வரை ஓட்டம் வினாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது தொழில்துறையில் நிலைபெற்ற வழிகாட்டுதல். 25 மி.மீ உள்விட்டமுள்ள குழாயில் அது நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் ஆகிறது. கையால் சுற்றும் பம்ப் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே இயங்குகிறது. மின்பம்போ தொடக்கத்திலேயே அதைப்போல் மூன்று மடங்கு வேகத்தை எட்டிவிடும். கைப்பம்பின் மெதுவான இயக்கம், இந்த இடத்தில் ஒரு குறையாக இல்லாமல் காப்பாகவே அமைகிறது. குழாயின் முனையைக் கலத்தின் அடிவரை இறக்கிவிடுவது தெறிப்பையும் தடுக்கும்.

பிளாஸ்டிக் கேனின் சுவரை எர்த் செய்ய முடியாது. அது கடத்தாப் பொருள் என்பதால் மின்னூட்டம் அங்கேயே தங்கிவிடும். அதை வண்டியின் இருக்கையிலோ சரக்கு வாகனத்தின் ரப்பர் விரிப்பின்மேலோ வைத்து நிரப்பும்போது ஆபத்து இன்னும் கூடும் என்பதால், எரிபொருளுக்கு உலோகக் கேனைப் பயன்படுத்துவதும், எந்தக் கேனானாலும் தரையில் வைத்தே நிரப்புவதும் வேண்டும்.

பம்பின் பொருளும் திரவத்தின் குணமும்

ஒரே பம்ப் எல்லாத் திரவத்துக்கும் உதவும் என்ற எண்ணமே பல பட்டறை விபத்துகளின் தொடக்கம். இயற்கை ரப்பரால் ஆன வாசரும் குழாயும் பெட்ரோலிலும் கனிம எண்ணெயிலும் ஊறி உப்பிப் பலமிழக்கும்; அங்கே நைட்ரைல் ரப்பர் தேவை. அலுமினிய உடல் கொண்ட பம்பைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் இறக்கினால், உலோகம் கரைவதோடு எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். துருவேறாது என்று பெயர்பெற்ற எவர்சில்வரையும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அரித்துவிடும். அதற்குப் பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் பம்புகளே உகந்தவை. அடர் கந்தக அமிலத்தை இரும்புக் கலம் தாங்கும், ஏனெனில் அதன் பரப்பில் படியும் இரும்புச் சல்பேட் அடுக்கு மேலும் அரிப்பதைத் தடுக்கிறது. சிறிது தண்ணீர் கலந்து அது நீர்த்துவிட்டால் அதே இரும்பு வேகமாக அரிபடும்.

பம்பிலும் குழாயிலும் தங்கிவிடும் மிச்சமும் ஆபத்தானது. கொரோனாக் காலத்தில் ஊர்தோறும் தெளிக்கப்பட்ட சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை மாற்றிய பம்பை, கழுவாமல் அமிலப் பேரலில் இறக்கினால், இரண்டும் கலந்து நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு உடனே வெளிப்படும். அமிலத்துக்கும் கிருமிநாசினிக்கும் தனித்தனிப் பம்புகளை ஒதுக்கி, தெளிவாக எழுதி ஒட்டிவைப்பது இதைத் தவிர்க்கும் உறுதியான வழி.

எழுதி ஒட்டுவதன் அருமையைத் தமிழ்நாடு பெரும் விலை கொடுத்து அறிந்திருக்கிறது. 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்த கள்ளச்சாராயத்தில் இருந்தது, தொழிற்சாலைகளுக்கான மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது திட்டமிட்ட குற்றம், பட்டறை விபத்தன்று. எனினும் நிறத்தாலும் மணத்தாலும் குடிக்கும் சாராயத்திலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாத ஒரு நஞ்சு, பெயர் பொறித்த பேரலிலிருந்து பெயரற்ற கேனுக்கு மாறியவுடன் தன் அடையாளத்தை முற்றிலும் இழந்துவிடுகிறது என்பதை அந்நிகழ்வுகள் காட்டின. குடிநீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ எந்த இரசாயனத்தையும் ஊற்றி வைக்கக்கூடாது என்ற விதி இந்த ஒரு காரணத்துக்காகவே போதுமானது.

திரவம் எவ்வளவு கெட்டியானது என்பதும் பம்பின் தேர்வைத் தீர்மானிக்கிறது. ஓட்டத்தை எதிர்க்கும் இப்பண்பு பாகுநிலை எனப்படும். டீசலைவிட ஆமணக்கு எண்ணெயின் பாகுநிலை நூற்றுக்கணக்கான மடங்கு மிகுதி என்பதால், டீசலுக்கு ஏற்ற இம்பெல்லர் அதில் வெறுமனே சுழலும். அத்தகைய திரவங்களுக்கு, பிரான்சின் ரெனே மொய்னோ 1930-இல் உருவாக்கிய திருகு வடிவப் பம்ப் பொருந்தும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய கப்பல்கள் மோதியதில் கடலில் கொட்டிய எண்ணெய், கடல்நீரோடு கலந்து கெட்டிக் குழம்பாகியபோது, உறிஞ்சும் இயந்திரங்களால் எதிர்பார்த்தபடி அதை இழுக்க முடியாமல், ஏராளமானோர் வாளிகளால் அள்ளி எடுத்ததை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும், மீனவர்கள் கையால் அள்ளிப் பேரல்களில் நிரப்ப வேண்டியதாயிற்று. கெட்டியான திரவத்தைக் குழாயில் இழுக்கும்போது ஏற்படும் அழுத்த இழப்பு, வளிமண்டலம் தரக்கூடிய உந்துதலை மிஞ்சிவிட்டால் எந்த உறிஞ்சு பம்பும் செயலிழக்கும் என்ற விதியே அங்கும் செயல்பட்டது.

காலிப் பேரல்

திரவம் முழுவதும் மாற்றப்பட்ட பின் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் பம்பின் அடிக்குழாய் எட்டாத இடத்தில் சிறிது திரவம் எப்போதும் தங்கியிருக்கும். 200 லிட்டர் பேரலில் ஏறக்குறைய 15 மில்லிலிட்டர் பெட்ரோல், அதாவது ஒரு பெரிய கரண்டி அளவு, ஆவியாகிப் பரவினாலே அதன் உட்புறம் முழுவதும் தீப்பற்றும் கலவையாகிவிடும். நிறைந்த பேரலில் எரிவதற்கு வேண்டிய காற்று இல்லை; காலிப் பேரலில் காற்றும் ஆவியும் சரிவிகிதமாகக் கலந்து நிற்கின்றன. அடுப்பாகவோ தண்ணீர்த் தொட்டியாகவோ மாற்றுவதற்காகப் பழைய பேரலைக் கேஸ் கட்டரால் வெட்டுவதும், அதன்மேல் வைத்து வெல்டிங் செய்வதும் உயிரைப் பறிக்கும் வெடிப்புகளாக முடிவது இதனாலேயே. ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால் எண்ணெய்ப் படலம் நீங்கிவிடாது. உள்ளே இருந்தது என்னவென்று தெரியாத பேரலை வெட்டவும் கூடாது. பூச்சிக்கொல்லியோ இரசாயனமோ இருந்த பேரலைக் குடிநீருக்கும் தானியத்துக்கும் பயன்படுத்தவும் கூடாது.

இவ்வளவையும் ஒரு வேலை முறையாகத் தொகுத்தால் அது நீளமானதன்று. பேரலின் பெயரட்டையையும் விற்பவர் தரும் பாதுகாப்பு விவரத் தாளையும் படித்து, திரவத்துக்கு ஏற்ற பம்பையும் கையுறையையும் கண்ணாடியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பேரலை நிழலில், சமதளத்தில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்த வேண்டும். எரியும் திரவமாயின் இணைப்புக் கம்பியையும் எர்த் கம்பியையும் மாட்ட வேண்டும். மூடியை மெதுவாகத் தளர்த்தி, சிறிய துளையையும் திறந்துவிட வேண்டும். கேனைத் தரையில் வைத்து, குழாய் முனையை அடிவரை இறக்கி, மெதுவாகத் தொடங்க வேண்டும். வெயிலில் திரவம் விரிவடைய இடம் விட்டு, கழுத்துவரை நிரப்பாமல் நிறுத்த வேண்டும். முனையை உயர்த்தி, குழாயில் மிஞ்சியதை வடியவிட்டு, இரு மூடிகளையும் மூடிய பிறகே கம்பிகளைக் கழற்ற வேண்டும். அமிலமோ காரமோ தோலில் அல்லது கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டியிருப்பதால், தண்ணீர்க் குழாய் எட்டும் தொலைவில் இல்லாத இடத்தில் அந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

இவற்றில் பெரும்பாலான ஏற்பாடுகள் விலை மிக்கவை அல்ல. ஒரு எர்த் கம்பி, இரண்டு கவ்விகள், ஒரு கண் கண்ணாடி, அட்டையில் எழுதி ஒட்டிய ஒரு பெயர் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு பேரல் டீசலின் விலையில் சிறு பங்குதான். இவை விடுபட்டுப் போவதற்குக் காரணம் பணமின்மை அன்று. மாற்றப்படுவது திரவம் மட்டுமே என்ற எண்ணமே காரணம். சிறிய துளையைத் திறப்பவர் காற்றையும், நிழலைத் தேடுபவர் ஆவியையும், கம்பியை மாட்டுபவர் மின்னூட்டத்தையும் கணக்கில் கொள்கிறார். அந்தக் கணக்கு சரியாக இருக்கும்வரை, பேரல் பம்பைவிட எளிமையும் பயனும் மிக்க கருவிகள் பட்டறையில் அதிகம் இல்லை.